நாலரைக்குக் கீழே

பூட்டை யாரும் தொடுவதில்லை இப்போது.
பூட்டு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று
பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.
ஒன்றுக்கு ஒரு மிடறு கூடுதல்,
சுழியத்துக்கு ஒரு மிடறு குறைவு.
லட்சம் மிடறு எண்ணப் பொறுமை இருந்தால்
சாவி தானே மடியில் விழும்.

அப்படி உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை,
திருடனுக்கு முன்பே,
சில்லு இன்னும் சில்லாகாதபோதே.
கிராட்ஸ் நகரம், மூர் ஆற்றுக்கு மேற்கே, மூன்றாம் மாடி.
திரையில் இருப்பது வெறும் வரைவு.
பிறக்காத ஒன்றின் நாடியைப் பிடிக்கிறேன்.

வரைந்தவள் ஹெம்மா.
ரகசியத்தை முழுசாய் ஓரிடத்தில் வைக்கமாட்டாள்.
தாயம் உருட்டி விழுந்தது ஒரு கம்பியில்,
மிச்சம் இன்னொன்றில்.
தனியே கேட்டால் இரண்டும் உளறல்.
இரண்டும் சந்திக்கவே கூடாது,
அவள் கட்டிய வீட்டில் அது ஒன்றுதான் சட்டம்.

செவ்வாய் இரவு
எண் ஏழரையில் போய் நின்றது.
நாலரையைத் தாண்டினால் கசிவு என்று கணக்கு.
ஜன்னலுக்கு வெளியே, மலைமேல் மணிக்கூண்டு;
இந்த ஊரில் நீளமுள்தான் மணி காட்டும்,
தெரியாதவனுக்கு நேரமே தப்பும்.
இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தோம்.
குற்றவாளி எங்கள் கருவி.
வரைவை வாயில்களாய் மாற்றித் தரும் மென்பொருள், மகா சிக்கனக்காரன்,
எதற்கு ஒன்றைக் கலந்து பிறகு அதையே பிரிப்பானேன் என்று
இரண்டு பாதியையும் ஒரே வாயிலில் நிறுத்திவிட்டான்.
பரப்பளவில் மூன்று சதவீதம் மிச்சமாம்,
பெருமையாய் ஒரு வரி வேறு.

ஹெம்மா சிரித்தாள்.
சிரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.
ஒன்பதே காலுக்கு அவளுக்காக உறுமும் காபி இயந்திரம்
பதினோரு நாளாய் உறுமவில்லை.
படியில் தாவுகிறவள் லிஃப்டுக்குக் காத்திருக்கிறாள்.
சாலட்டில் பூசணி விதை எண்ணெய் மணந்ததும்
தட்டை நகர்த்துகிறாள், அதுவும் ஸ்டைரியாக்காரி!
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம் போல.
எண்ணெயை மறைக்க முடியவில்லை.

கேட்கவில்லை நான்.
போன வருடம் எல்லோரும் வாழ்த்தினோம்;
பிறகு எங்கள் ஒவ்வொருவரிடமும்
தனித்தனியே "இல்லை" என்று
அவள் சொல்லித் தீர்க்கவேண்டி வந்தது.

புதன் காலை ஓட்மார், மேலாளர், நல்ல மனிதர்,
கோப்பையோடு நின்று கேட்டார்:
"காபி வேண்டாமா ஹெம்மா? என்ன ஆச்சு?"
ஏழு முகங்கள் திரும்பின, ஏழு அளவுமானிகள்.
"நாங்கள் இரண்டு பேரும் விட்டுவிட்டோம்" என்றேன்.
"பந்தயம். முதலில் குடிப்பவர் விருந்து வைக்கவேண்டும்."
அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் நாளைக்கு ஆறு கோப்பை ஆசாமி.
வியாழன் தலை பிளந்தது, வெள்ளி இன்னும் மோசம்.
புதினாத் தேநீர், இரண்டு கோப்பை, ஒரே ஆவி.
லிஃப்டில் போனேன்.
அவள் பிந்திய காலைகளில் எனக்கும் டிராம் தப்பியது.

அதற்குள் அவள்
இரு பாதிகளுக்கும் நடுவே ஒரு பதிவகம் வைத்தாள்,
ஒன்று உள்ளே போய்த் திரும்பும்வரை
மற்றது ஒரு துடிப்பு காத்திருக்க.
சிக்கனக்காரனுக்கும் எழுதிவைத்தாள்: இங்கே கை வைக்காதே.
மிச்சம் பிடித்த பரப்பளவு போயிற்று,
கூடவே கொஞ்சம் வேகமும்.
பத்து லட்சம் ஓட்டம் ஓட்டினோம்.
மூன்று புள்ளி ஒன்பது.

பத்திரம் என்று அறிக்கையில் எழுதவில்லை.
இத்தனை முறை பார்த்தும் எங்களுக்குத் தெரியவில்லை,
அவ்வளவுதான் எழுதினோம்.

பதின்மூன்றாம் வாரம் அவளே சொன்னாள்,
மதியம், ரொட்டி நறுக்கிக்கொண்டே, எல்லோரிடமும்.
ஓட்மார் வாய்பிளந்தார். துளியும் தெரியவில்லையே என்றார்.
கைகுலுக்கல்கள் ஓய்ந்த பிறகு
கத்தியைத் துடைத்தபடி என்னிடம் குனிந்தாள்:
"விருந்து உன்னுடையது.
மூன்று வாரமாய் திங்கட்கிழமைகளில்
உன் ஸ்வெட்டரில் காபி வாசம்."